பெருமாயிக்குக் கொடுத்த மரம்

மலைமேல் வளப்பூர் நாட்டில் பெருமாயியைப் பற்றிக் கேட்டால் இப்போது இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கேஸ் ஆன பொம்பளை என்பார்கள் சிலர். ஏமாந்த பொம்பளை என்பார்கள் சிலர். ஒரே ஆள் காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாகச் சொல்வதும் உண்டு. நாற்பத்தெட்டு வயது வரை அவளைப் பற்றிப் பேச ஊருக்கு ஒன்றுமே இருந்ததில்லை. விதைத்தாள், அறுத்தாள், மரம் ஏறினாள், பஸ் ஏறினாள், ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாள். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற மலையில் ஒரு பெண்ணைப் பற்றி இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? எல்லாம் ஒரு பலாமரத்தால் வந்தது.

பெருமாயியின் குடும்பத்தில் மகளுக்கு நிலம் எழுதும் வழக்கம் கிடையாது. நிலம் மகனுக்கு. மகளைக் கட்டிக் கொடுக்கும்போது ஒரு மரம் கொடுப்பார்கள். அவளுக்கு அப்பா கொடுத்தது, அவர்கள் காட்டின் மேல்மூலையில் பாறையை ஒட்டி நின்ற பலா. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தைச் சுற்றி வரச் சொன்னார். தூரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வைத்தார். "இது இனிமே பெருமாயி மரம்" என்று மூன்று பேர் காதில் விழும்படி சொன்னார். ஒருவர் ஊர்க்கவுண்டர், ஒருவர் தாய்மாமன், மூன்றாவது ஆள் அண்ணன் சின்னுசாமி. அவ்வளவுதான் பத்திரம். முத்திரைத்தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதற்கெல்லாம் அவசியம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மரம் தங்கைக்கு, மண் அண்ணனுக்கு. மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி மண்ணில் வேர்விட்டது என்பதால் அதுவும் அண்ணனுக்கு. இருபத்தெட்டு வருஷத்தில் பெருமாயி அந்தக் கொடியில் ஒரு மணியைக் கிள்ளியதில்லை. பழம் இறக்கும் ஒவ்வொரு தடவையும் மண்ணுக்கு இரண்டு என்று நல்ல பழமாகப் பார்த்து எடுத்து அண்ணன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சுமப்பாள். அடுத்தவர் காட்டில் கால் வைப்பதற்கு முன்னால் வரப்பில் நின்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்து வருகிறவர் உரிமைக்காரர், கொடுக்காமல் வருகிறவர் திருடர். திருட்டைப் பற்றி அவள் அறிந்த சட்டம் மொத்தமே இதுதான்.

அவள் புருஷன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து செத்தான். அப்போது மகள் கோகிலவாணிக்கு ஆறு வயது. மரத்திலிருந்து விழுந்து செத்தவன் பெண்டாட்டி அடுத்த வாரமே மரம் ஏறுகிறாளே என்று ஊரில் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களில் ஒருவரும் அவள் வீட்டுக்கு ஒரு படி சாமை கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்த வருஷம் தாயும் மகளும் பலாக்காயைத்தான் குழம்பு வைத்தார்கள், கொட்டையைத்தான் அவித்துத் தின்றார்கள், பழத்தை ரோட்டு வளைவில் வைத்து விற்றார்கள். குடியிருந்த வீடு கொழுந்தன் பேரில். உழுத காடு மாமனார் பேரில். அவள் பேருக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு மரம். அதன் மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்னுசாமி காட்டை விற்றான். மகன் முரளி திருப்பூரிலேயே தங்கிவிட்டான். சின்னுசாமிக்கு நாலு அடி ஏறினால் மூச்சு வாங்கியது. வாங்கினவர் கீழ்நாட்டுக்காரர், யுவராஜ் என்று பெயர். போர்வெல் லாரி வைத்திருப்பவர். மலையில் ஒரு ஓட்டு வீடு கட்டி லீவு நாளில் வந்து இருக்க ஆசைப்பட்டார். கூடப்பிறந்தவள் பின்னால் பங்கு கேட்டு வந்துவிடக் கூடாது, அவளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவருடைய வக்கீல் சொல்லிவிட்டார். அண்ணனுக்காகப் பெருமாயி மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் வாந்தியோடு கடந்து, கீழே ரிஜிஸ்டர் ஆபீஸில் போய் நின்றாள். பத்திரத்தை வாசித்துத்தான் காட்டினார்கள். நிலமும் அதிலுள்ள மரங்களும் செடி கொடிகளும் சேர்த்து என்று வாசித்தது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. அண்ணன் காட்டில் அண்ணன் மரங்கள் எத்தனையோ இருக்கின்றன. அதைச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அவள் மரத்தை அவன் எப்படி விற்க முடியும்? சின்னுசாமியும் அப்படியே நினைத்தான். மலையில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தத் தப்பைச் செய்ய வரும். மூன்றாவது வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள்.

முதல் வருஷம் ஒரு வம்பும் இல்லை. வைகாசியில் வரப்பில் நின்று குரல் கொடுத்தாள். யுவராஜே வெளியே வந்தார்.

"மரத்துக்கு வந்தேனுங்க."

"சரிங்கம்மா, பாத்து ஏறுங்க" என்றார். வேலைக்கு வந்தவள் என்று நினைத்தாரோ, மலைக்காரர்கள் இப்படித்தான் என்று நினைத்தாரோ தெரியாது. இரண்டு பழத்தை அவர் வாசலில் வைத்தபோது வாய் கொள்ளாமல் சிரித்து, காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு அது பரிசு. அவளுக்கு அது மண்ணின் பங்கு. இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிந்தார்கள்.

அடுத்த தை மாசம் யாரோ ராத்திரியில் புகுந்து யுவராஜின் மிளகை உருவிக்கொண்டு போனார்கள். மனுஷன் நொந்துபோனார். சுற்றிலும் கம்பிவேலி போட்டார், கேட்டுக்குப் பூட்டு போட்டார், அடிவாரத்து ராசப்பனைக் காவலுக்கு வைத்தார், வீட்டு முகப்பிலும் வேலியோரத்திலும் கேமரா மாட்டினார். போலீசில் மனுவும் கொடுத்தார். அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரு போர்டு. அந்த வழியாகப் போன பெருமாயி போர்டின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். இனிமேல் கண்டவர்கள் வந்து தன் மரத்தில் பிஞ்சை உதிர்க்க மாட்டார்கள் அல்லவா!

வைகாசி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கத்தியும் கயிறுமாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ராசப்பன் வீட்டுக்குப் போய்விடுவான் என்பது அவளுக்குத் தெரியாது. வேலியில் நின்று மூன்று தடவை குரல் கொடுத்தாள். பதில் இல்லை. கேட் பூட்டியிருந்தது. ஓடை வேலிக்கு அடியில் போகிற இடத்தில் குனிந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே புகுந்தாள். பழத்தைக் கத்தியின் முதுகால் தட்டித் தட்டிப் பார்த்து, முற்றினதை மட்டும் கயிற்றில் கட்டி இறக்கினாள். பதினாலு பழம். பெரியதாக இரண்டைப் பொறுக்கி யுவராஜ் வீட்டுப் படியில் வைத்து, உருளாமல் இருக்கக் கல்லும் முட்டுக் கொடுத்தாள். மிச்சம் பன்னிரண்டையும் நடை நடையாகச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோய், பழம் வாங்க வருகிற வேனுக்கு விற்றாள்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் ஜீப் வந்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. போனைத் திருப்பி அவளுக்குப் படத்தைக் காட்டினார். தன்னைத் தானே இப்படிப் பார்ப்பது பெருமாயிக்கு அதுதான் முதல் தடவை. வேலிக்கு அடியில் புகுந்து வருகிறவளைப் பார்த்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. அதற்கு முந்தின படத்தில் வேலியில் நின்று வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள். சத்தம் இல்லை. அந்தக் கேமராவுக்குக் கண் மட்டும்தான் இருந்தது.

"யாரைம்மா கூப்பிடற? கூட வந்தவனையா?"

"கூட யாரும் வரலீங்க. மரத்துக்கு வாரேன்னு சொல்றேனுங்க."

"யாருகிட்ட?"

"காட்டுக்காரருகிட்டங்க."

"அங்கதான் ஆளே இல்லையே!"

"இல்லாட்டியும் சொல்லோணுமுங்க."

எஸ்.ஐ., பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு போலீஸ்காரரைப் பார்த்தார். "சரி, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை எடுத்திருக்க?"

பெருமாயி நிமிர்ந்து நின்றாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "இருபத்தெட்டு வருசமா எடுக்கறேனுங்க. ஒரு வருசங்கூட உட்டதில்லீங்க. ஊரே பாத்திருக்குது."

உரிமையை நிலைநாட்டிவிட்டதாக அவள் நினைத்தாள். ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"அப்ப மிளகையும் நீதான் உருவினியா?"

அதுவரை பணிவாக இருந்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொடி மண்ணுக்குச் சேந்ததுங்க! அதைப் போயி நான் தொடுவனா? நாங்க என்ன திருட்டுப் பரம்பரைங்களா?"

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். மிளகு விஷயத்தை அவர் அதோடு விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பலாப்பழத்தை அவரால் விட முடியவில்லை. யுவராஜ் பத்திரத்தின் நகலோடு வந்திருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எழுத்துக் கூட்டி எழுதிய பெருமாயி என்ற பெயரை அவளுக்குக் காட்டினார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, உங்க மேல எனக்கு விரோதம் ஒண்ணும் இல்ல. ஆனா இந்த மரத்துக்கும் சேத்துத்தான் நான் பணம் கொடுத்தேன். மரம் உங்களதுன்னா உங்க அண்ணன் என்னை ஏமாத்தி வித்துட்டாருன்னு அர்த்தம். அப்ப கேஸ் அவர் மேல போகணும். யார் மேல போகணும்னு நீங்களே சொல்லுங்க."

பெருமாயி அந்தப் பெயரையே பார்த்தாள். மரம் தன்னுடையது என்றால் அண்ணன் மோசக்காரன். அண்ணன் நல்லவன் என்றால் தான் திருடி. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அப்பா கொடுத்ததில் இப்படி ஒரு கண்ணி இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சாயங்காலம் ஜாமீனில் விட்டார்கள். வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கோர்ட்டில் அவளுக்காக இலவசமாக வாதாட ஒரு வக்கீலைக் கொடுத்தார்கள். அருணா என்று பெயர், சின்ன வயசுப் பெண். பொறுமையாகக் கேட்டாள். தன்னுடையது என்று நம்பி எடுத்தால் அது திருட்டு ஆகாது, ஆனால் அப்படி நம்பியதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றாள். ஊர்க்கவுண்டர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. தாய்மாமன் அதற்கும் முன்னால் போய்விட்டார். மிச்சம் இருப்பது சின்னுசாமி மட்டும்.

"உங்க அண்ணன் வந்து, ஆமா, எங்கப்பா இவளுக்குக் குடுத்த மரம்தான், எழுதும்போது தனியா சொல்ல விட்டுப்போச்சுன்னு சொன்னாப் போதுங்க. கேஸ் நிக்காது."

"அவரு மேல திரும்பாதுங்களா?"

அருணா பொய் சொல்லவில்லை. "திரும்பலாம். தெரியாம நடந்த தப்புன்னு நாம சொல்லிப் பாக்கலாம்."

அன்றே பெருமாயி அண்ணன் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். சின்னுசாமி துண்டால் கண்ணைத் துடைத்தான்.

"சொல்றேன் அம்மிணி. அய்யன் சொன்னப்ப பக்கத்துலயே நின்னவன் நான். சொல்லாம இருப்பனா? உன்னையத் திருடின்னு சொல்ல உட்டுட்டு நான் சோறு திங்க முடியுமா?"

அவள் திரும்பும்போது அண்ணன் பெண்டாட்டி சுகுணா வாசல்வரை பின்னால் வந்தாள். "நங்கையா, அவுருக்கு ரெண்டு படி ஏறுனாலே மூச்சு வாங்குது. கேஸு கோர்ட்டுன்னு அலைய உட்டா ஆளே தங்க மாட்டாருங்க" என்று மெதுவாகச் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பெருமாயிக்கும் அவள் மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். ஆனாலும் அண்ணன் வார்த்தை கொடுத்துவிட்டான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாசத்தைத் தள்ளினாள்.

வாய்தா நாளில் இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் இறங்கினார்கள். சின்னுசாமிதான் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தான். கீழே வந்து டீ வாங்கிக் கொடுத்தான். அவள் குடித்தாள், அவனுடைய டீ ஆறிப்போனது. "வாய் வறளுது அம்மிணி" என்று இரண்டு தடவை சொன்னான். "ரெண்டே வார்த்தைதான் அண்ணா" என்று அவள் தைரியம் சொன்னாள்.

நீதிபதி ஒரு பெண். காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பேசினார்.

"அந்த மரம் உங்களுக்கு உங்க அப்பா கொடுத்ததுன்னு உங்க வக்கீல் சொல்றாங்க. அப்படித்தானா? அதுக்குச் சாட்சி இருக்கா?"

அருணா, "அண்ணன் வந்திருக்கார்" என்று பின்பக்கம் கை காட்டினாள். பெருமாயி திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் யுவராஜின் வக்கீலுக்குப் பின்னால் சின்னுசாமி உட்கார்ந்திருந்தான். துண்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருணா சொன்னது அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. அவனுக்கும் கேட்டது. அவன் தலை இன்னும் ஒரு அங்குலம் கீழே போனதைப் பெருமாயி கண்ணால் பார்த்தாள். அவள் கூப்பிட்டிருந்தால் எழுந்திருப்பான். எழுந்து சொல்லியும் இருப்பான். அவளுக்குக் கூப்பிட வாய் வரவில்லை. மூச்சு வாங்குகிற அந்த நெஞ்சு மேலும் கீழும் போவது அங்கிருந்தே தெரிந்தது.

அவள் நீதிபதி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்லீங்கம்மா. எங்கய்யன் எனக்கு ஒண்ணுங் குடுக்கலீங்க. மரம் அவுங்களுதுங்க. நாந்தான் போயி எடுத்தேனுங்க."

அருணா பதறிப்போய் அவள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். பெருமாயி காதில் வாங்கவில்லை. நீதிபதி இன்னொரு தடவை நிதானமாகக் கேட்டார். இன்னொரு தடவையும் அதையே சொன்னாள். குரல் உடையவில்லை.

ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் தடவை, தானாகவே ஒத்துக்கொண்டாள். புதுச் சட்டத்தில் இதற்கு ஜெயில் வேண்டியதில்லை என்று நீதிபதி சொன்னார். பழத்தின் விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்து நாள் சமூக சேவை செய்ய வேண்டும். வயசையும் பஸ் செலவையும் யோசித்து, மலைமேலேயே அரசு ஆஸ்பத்திரி வளாகத்தைக் கூட்டினால் போதும் என்று உத்தரவிட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். மலை முழுக்க வந்து போகிற இடம் அது ஒன்றுதான் என்பது கீழே இருக்கிற அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவன் பின்னால் உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் பெருமாயி விளக்கமாற்றை எடுத்தாள். பக்கத்து எடப்புளி நாட்டிலிருந்து வந்தவர்களும் ஊசி போட வந்தவர்களும் பிள்ளை பார்க்க வந்தவர்களும் வரிசையில் நின்றபடி அவளைப் பார்த்தார்கள். தெரிந்தவர்கள் தெரியாததுபோல் போனார்கள். தெரியாதவர்கள் பக்கத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டினாள். மகள் கோகிலவாணி ராசிபுரத்திலிருந்து போன் பண்ணி அழுதாள். "மாமியா ஊட்டுல கேக்கறாங்கம்மா, நான் என்னன்னு சொல்லட்டும்?" பெருமாயி, "உங்கம்மா எடுத்தாள்னு சொல்லு கண்ணு" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டிக்கு மறைவில் நின்று, வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

நாலாம் நாள் சின்னுசாமி வந்தான். வரிசையில் நிற்கவில்லை. கூட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"எதுக்கு அம்மிணி அப்படிச் சொன்ன? அய்யன் ஒண்ணுமே குடுக்கலைன்னு சொல்லிட்டியே. அந்த மனுசன் உசுரோட இருந்தா என்ன பாடுபடும்? சொல்லோணும்னுதான நான் வந்தேன்? அந்தம்மா என்னையக் கேட்டிருந்தா எந்திரிச்சிருப்பேன்."

பெருமாயி கூட்டுவதை நிறுத்தினாள்.

"நீ சொல்லுவேன்னுதான் அண்ணா நான் திரும்பிப் பாத்தேன்."

வராண்டா ஓரத்தில் ஒரு சிமெண்டுத் திண்டு இருந்தது, சின்னுசாமி அதில் போய் உட்கார்ந்தான். "இன்னொரு விளக்கமாறு இருக்குதா?" என்று கேட்டான்.

"இது எனக்குப் போட்டது. நீ ஊட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பெருமாயி முக்காட்டைச் சரி செய்துகொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள். வராண்டா முழுவதும் கூட்டி முடித்தாள். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தபோது காலைத் தூக்கச் சொல்லாமல் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்த பக்கம் போனாள்.